கண்மாய்க்குள் ஏழு குடிசை

1938. நாகமலைக்குப் பக்கத்துக் கண்மாய்க்குள் ஏழு குடிசைகளைப் போட்டுவிட்டார்கள் என்று நல்லகாமன் மனுக் கொடுத்திருந்தார். விசாரிக்கத் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வந்தார்.

"கருவேல மரம் அம்புட்டையும் வெட்டி அடுப்பெரிச்சுட்டாங்கய்யா. தண்ணி நிக்க எடமில்ல. என் வயலு ரெண்டு போகமாக் காஞ்சு கெடக்கு. இன்னைக்கே பிரிச்சு எறியணும்," என்றார் நல்லகாமன்.

குடிசை வாசலில் நின்ற பெண்கள் அவரைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினார்கள்.

"பன்னி மாதிரிப் பெத்துப் போட்டுக்கிட்டே இருந்தா ஊரு தாங்குமா?" என்று அவரும் ஏசினார்.

குமாஸ்தா குடிசைக்காரர்களை வரிசையாக நிறுத்தி நோட்டைத் திறந்தார்.

"பேரு?"

"வெள்ளைத்துரை."

"தகப்பன் பேரு?"

"நல்லகாமன்."

அடுத்தவனைக் கேட்டார்.

"மொக்கையன். தகப்பன் பேரு நல்லகாமன்."

மூன்றாமவனும் அதையே சொன்னான். குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். ஏழு பேருக்கும் ஒரே முகச்சாடை.

"வீட்டுல படுக்க எடமில்லன்னு இவருதான்யா எங்கள வெளிய போகச் சொன்னாரு," என்றான் வெள்ளைத்துரை.

குமாஸ்தாவின் பேனா நின்றது. நல்லகாமனின் முகம் மாறவில்லை.

"நீங்க எழுதுங்கய்யா. யாரு மகன்னு கண்மாய்க்குத் தெரியவா போகுது?"