பாதி ஈரல்

அம்பத்தூர் எஸ்டேட்டில் டயர் கடைக்கு மேலே இருக்கும் ஜிம்முக்குள் காலை வெயில் நுழைந்து, நேராக எட்மண்டின் தொப்பைமேல் உட்கார்கிறது. வெயிலும் வசதியான இடத்தைத்தானே தேடும். மனைவி ரோஸிக்கு ஈரல் கெட்டுவிட்டது. தன்னுடையதில் பாதியைக் கொடுக்க எட்மண்ட் தயார். ஆனால் அதில் கொழுப்பு படிந்திருக்கிறதாம். கொழுப்பு கரையணும், சதை கரையக் கூடாது, அப்போதுதான் கத்தி வைப்பேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இரண்டு கையிலும் டம்பெல்லோடு கண்ணாடி முன்னால் நிற்கிறார்; முகம் பிழிந்து போட்ட எலுமிச்சை மாதிரி கோணுகிறது. "மூச்ச வுடு அண்ணாத்தே, மானத்த வுடாத," என்கிறான் பயிற்சி கொடுக்கும் சர்ஃபராஸ். ஜன்னலோர பெஞ்சில், கண்ணெல்லாம் மஞ்சள் பூத்து உட்கார்ந்திருக்கும் ரோஸி சிரிக்கிறாள். "அந்தக் கொழுப்பெல்லாம் நான் வடிச்சிக் கொட்ன சோறுதான் சர்ஃபராஸு. இப்ப எனக்கே ஈரல் வேணும்னா குடுக்க வுட மாட்டேங்குது பாரு." சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சர்ஃபராஸ் துண்டை மடிக்கிறான். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம். எட்மண்ட் மூச்சைத் தேடிப் பிடித்து வாய் திறப்பதற்குள் ரோஸி சுவரில் தலை சாய்த்துக் கண்ணை மூடிவிட்டாள். இப்போதெல்லாம் அப்படித்தான், பேசிக்கொண்டே உறங்கிப்போகிறாள். "போதும்ணா, இன்னிக்கி வுட்டுடு," என்கிறான் சர்ஃபராஸ். எட்மண்ட் விடவில்லை. கண்ணாடியில் தெரியும் ரோஸியையே பார்க்கிறார். அவள் முந்தானை மூச்சோடு மெல்ல ஏறும்போது டம்பெல்லை ஏற்றுகிறார், இறங்கும்போது இறக்குகிறார். அது மறுபடி ஏறும்வரை காத்திருக்கிறார்.