செல்ட்டர்ஸ்காரி

லிஃப்ட் இல்லாத வீடு. சோடாப் பெட்டியை நான்காவது மாடிக்குத் தூக்கிவந்து இறக்கியதும், எக்கார்ட் அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெட்டி நிறையக் கண்ணாடி பாட்டில்கள்.

"முட்டி போச்சு, கெர்லிண்டே. இனிமே என்னால முடியாது."

"அப்ப விடு. யாரு தூக்கச் சொன்னா?" என்றாள் மனைவி எரிச்சலாக.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து உனக்காகத்தான தூக்குறேன்!"

"எனக்காகவா? அதைக் குடிச்சா எனக்கு ஏப்பமா வருது. நீ ஆசையா வாங்கிட்டு வர்றியேன்னு பேசாம குடிச்சேன்."

எக்கார்ட் நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு எங்க ஆசை? மூக்குல ஏறுது. குழாய்த் தண்ணியே போதும்."

"பின்னே, மொத மொத ஹோட்டல்ல பாத்தப்ப எனக்கும் சேர்த்து அதையே ஏன் கேட்ட?"

"நீதான செல்ட்டர்ஸ்ல பொறந்தவன்னு சொன்ன! உங்க ஊர் ஊத்துத் தண்ணியாலதான சோடாவுக்கே செல்ட்டர்ஸ்னு பேரு வந்துச்சு. அது இல்லாம உன்னால இருக்க முடியாதுன்னு நெனச்சேன்."

"அடப்பாவி! அந்தத் தண்ணிகிட்டேருந்து தப்பிக்கத்தான் நான் ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கே வந்தேன்!"

கெர்லிண்டே குழாயைத் திறந்து இரண்டு கிளாஸில் தண்ணீர் பிடித்து வந்தாள். ஆளுக்கு ஒரு மிடறு குடித்தார்கள்.

"என்ன இது, சப்புன்னு இருக்கு?" என்றார் எக்கார்ட்.

அவள் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். புஸ்ஸென்றது.

"அடுத்த வாரம் பெட்டிய ஒரு பக்கம் நான் பிடிச்சுக்கறேன்."