ஒரு ரூபாய் குறையாமல்

"தங்கச் செயின் போட்டவருக்கு நீ இன்னாத்துக்கு நைனா டிக்கெட் எடுத்த?"

ஆறு வயதில், கும்மிடிப்பூண்டி பஸ்ஸில் பிரின்சி கேட்ட கேள்வி அது. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டிக் கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்த யாரோ ஒருவருக்கு, அவள் அப்பா சாம்சன் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தான்.

"சில்லறை இல்லாத நேரத்துல எல்லாரும் ஏழைதான் பாப்பா" என்றான் அவன். அந்த மனிதர் இறங்கும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதை மட்டும் பிரின்சி மறக்கவே இல்லை.

இப்போது அவளுக்கு லண்டனில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஃபீஸுக்கு உதவித்தொகையும் வந்துவிட்டது. ஆனால் அங்கே செலவுக்குக் காசு இருக்கிறது என்று காட்டினால்தான் விசா. அப்பாவின் கணக்கில் பதினாறு லட்சம், முழுசாக இருபத்தெட்டு நாள் கிடக்க வேண்டும். நடுவில் ஒருநாள், ஒரு ரூபாய் குறைந்தாலும் எல்லாம் வீண் என்று ஏஜென்சியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

சாம்சன் சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறவன். டன் டன்னாக இரும்பைத் தூக்கியிருக்கிறான், லட்சத்தைத் தூக்கியதில்லை.

அதற்குத்தான் கவரைப்பேட்டை துளசிராமன் இருந்தார். இப்படிக் கணக்கில் பணம் போட்டுக் காட்டுவதும், நாள் முடிந்ததும் எடுத்துக்கொள்வதும்தான் அவர் தொழில். மனைவி சோனியாவின் வளையலை அடகு வைத்து, வட்டியை முன்பணமாகவே கட்டினான் சாம்சன். ஏடிஎம் கார்டையும் கையெழுத்துப் போட்ட செக்கையும் வாங்கி வைத்துக்கொண்ட துளசிராமன், பேங்க் மெசேஜ்கூடத் தன் போனுக்கே வருகிற மாதிரி நம்பரை மாற்றிவிட்டார்.

காலியாகக் கிடந்த கணக்கில் பணம் போட்ட அன்று சாம்சன் தலையைச் சொறிந்தான்.

"ஒரு ஆயிரம் சேர்த்துப் போடுங்கண்ணே. ஒரு தைரியத்துக்கு."

"பதினாறுன்னா பதினாறுதான். கடன் விஷயத்துல எனக்குக் கூடவும் ஆவாது, கொறையவும் ஆவாது."

வேலை முடிந்ததும் பேங்க் வாசல் டீக்கடையில் துளசிராமன் ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டார். அவர் போனில் சார்ஜ் இல்லை. அவர் நீட்டிய ஐந்நூறுக்குக் கடைக்காரரிடம் சில்லறை இல்லை. சாம்சன் பையைத் தடவி இருந்ததைக் கொடுத்துவிட்டு, தனக்கு டீ வேண்டாம் என்றான். வீட்டில் இதைக் கேட்ட பிரின்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

"வட்டி வாங்கற ஆளுக்கு வடை வேறயா? நீ திருந்தவே மாட்ட நைனா."

நாட்கள் நகர்ந்தன. கெடு முடிய ஒருநாள் இருக்கும்போது, சாயங்காலம் சோனியாவின் போனுக்கு பேங்கிலிருந்து மெசேஜ் வந்தது. விபத்துக் காப்பீட்டுக்காக அவள் கணக்கில் வருஷா வருஷம் எடுக்கிற இருபது ரூபாயை எடுத்திருந்தார்கள்.

பிரின்சி அப்பாவிடம் ஓடினாள். "நைனா, நீயும் இந்த இன்சூரன்ஸுக்குக் கையெழுத்து போட்டுகீறியா?"

கம்பெனியில் முகாம் வைத்தபோது எல்லாரோடும் சேர்ந்து அவனும்தான் போட்டிருந்தான். அதே பேங்க், அதே கணக்கு. அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. சாம்சன் மட்டும் முழங்காலில் நின்று வெகுநேரம் ஜெபித்தான்.

காலையில் பேங்கில் கணக்கு விவரத்தை வாங்கிப் பார்த்தார்கள். பயந்தபடியே இருபது ரூபாய் போயிருந்தது. ஆனாலும் கடைசியில் நின்ற தொகை பதினாறு லட்சத்துப் பதினைந்து.

பிரின்சி விரலை வைத்து மேலே தேடினாள். பணம் போட்ட அன்றே, ராத்திரி யாரோ முப்பத்தைந்து ரூபாய் அனுப்பியிருந்தார்கள். பெயர் இல்லை, நீளமாக ஓர் எண் மட்டும் இருந்தது. கணக்கு ஒருநாளும் குறையவே இல்லை.

சாம்சன் நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டான். "கர்த்தர் கைவிடல பாப்பா."

"கர்த்தர் ரவுண்டா அனுப்பமாட்டாரா நைனா? அது இன்னா முப்பத்தஞ்சு?" என்றவள், சிரிப்பும் அழுகையுமாக விண்ணப்பத்தை அனுப்ப ஏஜென்சிக்கு ஓடினாள்.

மறுநாள் துளசிராமன் தன் பதினாறு லட்சத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார். வண்டி நிறுத்துமிடத்தில் இருவரும் தனியாக நின்றபோது, கார்டைச் சாம்சன் கையில் கொடுத்தார்.

"உன் பதினஞ்சு ரூபா உள்ளயே கீது. பார்த்துக்கோ."

"அது என்துல்லண்ணே. யாரு போட்டாங்கன்னே தெர்ல. என் பொண்ணு படிப்பே அதுலதான் நின்னுது. அவங்க யாருன்னு கண்டுபிடிச்சி, நான் கும்பிடணும்."

துளசிராமன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை உதைத்தார்.

"நாந்தான்யா போட்டேன், டீக்காசு. கடன் வெச்சிகினா எனக்குத் தூக்கம் வராது."