திருடனுக்கென்று ஒரு கலவை

இரண்டாவது பாட்டிலையும் கேனுக்குள் கவிழ்த்துவிட்டு, ஹார்லன் மூடியை இறுக்கித் திருகினார். "செத்தான் பயல். நாளைக்குக் காலையில ஊரே பார்க்கும்."

கராஜ் வாசலில் நின்றிருந்த அவர் மனைவி லவோன் கேனை எட்டிப் பார்த்தாள். "யாருக்காவது ஏதாவது ஆயிடப் போவுதுங்க."

அட, ஒரு மண்ணும் ஆகாது, வெறும் டூ-டி ஆயில் என்றார் ஹார்லன். மீன் பிடிக்க ஏரி ஐஸில் துளை போடுகிற மெஷினுக்குப் பெட்ரோலில் கொஞ்சூண்டு ஆயில் கலந்தால் போதும். இவர் ஐந்து மடங்கு கலந்திருந்தார். இன்ஜின் சாகாது, ஆனால் நீலப் புகையாகக் கக்கித் தள்ளும். நாளைக்கு ஏரியில் எவன் மெஷின் புகைகிறதோ அவன்தான் திருடன்.

குளிர்காலம் ஆரம்பித்ததிலிருந்து கேனில் பெட்ரோல் குறைந்துகொண்டே வந்தது. மினசோட்டாவின் அந்தக் குட்டி ஊரில் கராஜைப் பூட்டுகிற வழக்கமே இல்லை. நாம் மட்டும் பூட்டினால் அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்களோ என்று ஹார்லனும் பூட்டாமலே விட்டிருந்தார்.

"ஒண்ணு கவனிச்சியா? பனி கொட்டுற நாளாப் பார்த்துத்தான் வர்றான். காலடித் தடம் மறைஞ்சிடும்ல? படு கில்லாடி."

அவர் யாரை மனதில் வைத்துப் பேசுகிறார் என்று லவோனுக்குத் தெரியும். எதிர்வீட்டு நார்பர்ட். வரும் ஜூனில் நார்பர்ட்டின் மகனுக்கும் இவர்கள் மகள் கிர்ஸ்டனுக்கும் கல்யாணம். சர்ச்சில் தேதி குறித்தாகிவிட்டது, கவுனும் தைக்கக் கொடுத்தாகிவிட்டது. இந்த நேரத்தில், நார்பர்ட் மெஷின் புகைந்தால் கல்யாணமே கிடையாது என்று ஒற்றைக் காலில் நின்றார் மனிதர். கேனில் கை வைக்கிறவன் வீட்டுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று கேட்டார்.

நார்பர்ட் அப்படிப்பட்டவரில்லை என்று லவோன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ஊரில் நல்லவர்களும் இருக்கிறார்கள், ரோட்டுப் பனியைத் தள்ள வருகிற லைல் போகிற போக்கில் நம் வாசலையும் சுத்தமாகத் தள்ளிவிட்டுப் போகிறானே என்றாள். அதை ஹார்லன் ஒப்புக்கொண்டார். கிறிஸ்துமஸுக்கு நன்றி சொல்லி ஒரு டப்பா குக்கீஸ் கொடுத்தபோது, எதற்கென்றே தெரியாதவன் போல முழித்தானாம் லைல். அவ்வளவு அடக்கம்.

அன்று இரவு நல்ல பனி. விடிவதற்கு முன்பே லவோன் பள்ளிக்கூடத்துச் சமையல் வேலைக்குக் கிளம்பிப் போனாள். ஹார்லன் தனக்கென்று ஒளித்து வைத்திருந்த நல்ல கேனை எடுத்துக்கொண்டு, வாசலில் கிடந்த முழங்கால் பனியில் வண்டியை ஓட்டிக்கொண்டு ஏரிக்குப் போனார்.

ஐஸின்மேல் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தவர், தூண்டிலைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு மெஷினாக உறுமியது. ஒன்றும் புகையவில்லை. நார்பர்ட்டைத்தான் காணோம். பனி பெய்த நாளில் அந்தச் சோம்பேறி என்றைக்கு நேரத்துக்கு வந்திருக்கிறார் என்று முணுமுணுத்துக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து நார்பர்ட் வந்தார். முகமெல்லாம் கரி. கோட்டில் எரிந்த ஆயில் நாற்றம் குப்பென்று அடித்தது. ஹார்லனுக்கு ஜெயித்துவிட்டோம் என்று ஏனோ சந்தோஷமே வரவில்லை. கிர்ஸ்டன் அழுவதுதான் கண்முன் வந்தது.

நார்பர்ட் இருமிக்கொண்டே தன் மெஷினின் கயிற்றை இழுத்தார். அது ஒரே இழுப்பில் கிளம்பி, கடகடவென்று துளை போட்டு, தண்ணீரைக் கொப்பளிக்க வைத்தது. புகை மருந்துக்குக்கூட இல்லை.

ஹார்லன் குனிந்து மோந்துகூடப் பார்த்தார். சுத்தமான கலவை. அநியாயமாக ஒரு நல்ல மனிதரைச் சந்தேகப்பட்டோமே என்று கூனிக் குறுகிப்போனார். குற்ற உணர்ச்சி தாங்காமல் ஃபிளாஸ்கைத் திறந்து நார்பர்ட்டுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார்.

ஒரு மடக்குக் குடித்துவிட்டு நார்பர்ட் மூக்கைத் துடைத்தார். கையுறை கறுப்பானது. "தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. அடுத்த தடவை உங்க கேன்ல ஆயிலைக் கொஞ்சம் குறைச்சுக் கலங்க."

ஹார்லன் ஃபிளாஸ்கை ஐஸின்மேல் வைத்தார். "அப்போ என் பெட்ரோலை எடுத்தது நீங்கதானா?"

நார்பர்ட்டின் முகம் கரிக்குள்ளேயே சிவந்தது. செய்த உதவியைத் தன் வாயால் சொல்லிக்கொள்வது அந்த ஊரில் திருட்டைவிடக் கேவலம். துளைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு மென்று முழுங்கினார்.

"உங்க வாசல் பனியைத் தள்ளுற மெஷினுக்கு, உங்க பெட்ரோலைத்தானே சம்பந்தி ஊத்தணும்?"