முப்பத்தாறு பேர்

பள்ளித் தோட்டத்தில் பதினோராம் வகுப்பு மாணவர்கள் முப்பத்தாறு பேருக்கும் ஒட்டுக்கட்டும் பாடம். ஒரு நாட்டு மாங்கன்றின் தலையைச் சீவி, பிளவில் இமாம்பசந்த் குச்சி ஒன்றைச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டினார்கள்.

"ஒரு மாசத்துக்கு யாரும் கட்டைப் பிரிக்கக் கூடாது" என்றார் ஆசிரியர்.

"வலிக்குது" என்றது குச்சி.

"எனக்கும்தான். அசையாம இரு. பத்து நாள்ல ஒட்டிக்குவோம்" என்றது கன்று.

ஐந்தாம் நாள் ஜெயசீலி வந்தாள். "பிடிச்சிருக்கான்னு பார்த்துட்டு உடனே கட்டிடுறேன்" என்று நாடாவைப் பிரித்தாள். ஒட்டத் தொடங்கியிருந்த இடம் விட்டுப்போனது. அவள் பழையபடியே கட்டி, தண்ணீரும் ஊற்றிவிட்டுப் போனாள்.

இரண்டும் முதலிலிருந்து தொடங்கின. மறுநாள் அன்வர் பிரித்துப் பார்த்தான். அதற்கடுத்த நாள் இன்னொருத்தி. ஆளுக்கு ஒரே ஒரு தடவைதான்.

"நம்ம மேல இவங்களுக்கு என்ன கோபம்?" என்று கேட்டது குச்சி.

"கோபமா? நாம பிழைக்கணும்னு எல்லாருக்கும் அவ்வளவு ஆசை."

அதற்குப் பிறகு குச்சி பேசவில்லை. கறுத்துப்போயிருந்தது.

மாதக் கடைசியில் ஆசிரியர் கட்டைப் பிரித்தார். "யார் பிரிச்சது?" என்று கேட்டார். ஒரு கையும் உயரவில்லை. கன்றை இன்னும் நாலு விரல் கீழே சீவி, வேறொரு குச்சியைச் செருகிக் கட்டினார்.

"பயமா இருக்கு" என்றது புதுக்குச்சி. "இங்க நம்மளக் கவனிக்க யாராவது இருக்காங்களா?"

"முப்பத்தாறு பேர்" என்றது கன்று.