பின்பலகையைத் திறக்காதே

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் நாளைக் காலை என் காபிக்கு வைத்த பால் திரிந்து போகட்டும். அத்தனையும் சத்தியம்.

“அதிலை கை வைக்காதையும்!”

தர்மராசா போட்ட சத்தத்தில், செழியனின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் நழுவி கராஜ் தரையில் உருண்டது.

அவர் ஓய்வுபெற்ற எஞ்சினியர், யாழ்ப்பாணத்துக்காரர். பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபயர் ஒன்று விற்பனைக்கு இருப்பதாகக் கேட்டி என்ற அமெரிக்க ஊரின் தமிழர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டிருந்தார். அறுபதுகளில் செய்தது, உள்ளே ட்யூப் எனப்படும் கண்ணாடி வால்வுகள் தணலாய் எரியும் அசல் பெட்டி. விலை இரண்டாயிரம் டாலர்.

இப்படியொரு பெட்டிக்காகச் செழியன் இரண்டு வருடமாக அலைகிறான். கையில் இருப்பதோ எழுநூறு.

“எழுநூறுக்கு மேல ஒரு சென்ட் போச்சுன்னா, அந்தப் பொட்டியக் கட்டிப் புடிச்சுட்டு நீங்களும் கராஜ்லயே படுத்துக்கலாமுங்க” என்று சொல்லித்தான் மனைவி தாமரைச்செல்வி அனுப்பியிருந்தாள். சொன்னபோது சிரிக்கவில்லை.

“ஏன் அங்கிள்? பின்னாடி பலகையக் கழட்டினாத்தானே ட்யூப் எல்லாம் ஒரிஜினலான்னு செக் பண்ண முடியும்?”

“கடைசியாக் கழட்டினது றெஜினா.” தர்மராசாவின் குரல் தாழ்ந்தது. “எங்கட பேண்டிலை பாடின பிள்ளை. ஒரு கை மைக்கிலை, மற்றக் கை இதுக்குள்ளை. கரண்ட் அடிச்சு அப்பிடியே…”

தேநீர்க் கோப்பையோடு வந்த அவர் மனைவி குமுதினி, பெட்டியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இப்ப ஏன் அந்தக் கதை? தம்பி பொள்ளாச்சிப் பிள்ளையாம், வாசல்லதான் சொன்னவர். பயப்பிடுத்தாதைங்கோ. நான் குக்கர் வைச்சனான், போறன்.”

சமையலறைக் கதவு சாத்திக்கொண்டது. வெயிலுக்குப் பயந்து கராஜின் பெரிய கதவையும் இறக்கியிருந்தார்கள். ஒற்றை பல்பின் மங்கலில் அரிசி மூட்டைகள், பேரப்பிள்ளையின் மடித்த தொட்டில், நடுவில் கறுத்துப்போன அந்தப் பெட்டி. சவப்பெட்டியைக் குறுக்கே வெட்டி நிமிர்த்தி வைத்த மாதிரி இருந்தது.

தர்மராசா ப்ளக்கைச் சொருகினார். முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு கண் விழித்தது. பெட்டி மெல்ல முனகியது. உறையிலிருந்து கிட்டாரை எடுக்கச் செழியன் குனிந்தான்.

“திறக்காதை…”

பெண் குரல். கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல் வந்தது. தொடர்ந்து பெட்டி நீளமாக ஒரு விசில் அடித்து அடங்கியது.

தர்மராசா சுவரோடு ஒட்டிக்கொண்டார். “கேட்டதே? உமக்கும் கேட்டதே?”

செழியனும் ஒரு நொடி நம்பிவிட்டான். ஆனால் அடுத்த நொடியே அவனுக்குள்ளிருந்த எஞ்சினியர் எழுந்து உட்கார்ந்துகொண்டான். பழைய ஆம்ப்ளிஃபயர்கள் ரேடியோவை இழுத்துப் பேசும். ஏதோ தமிழ் வானொலி சிக்கியிருக்கும். அந்த விசில், மைக்செட் கீச்சிடுகிற மாதிரி வெறும் ஃபீட்பேக்.

இந்த ஞானத்தை அவன் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டான். முகத்தில் மட்டும் பயத்தை வரவழைத்தான்.

“அங்கிள், எனக்கே கை நடுங்குது. இத இனிமே யாரு வாங்குவாங்க? எழுநூறு தர்றேன். இப்பவே தூக்கிட்டுப் போயிடறேன், உங்களுக்கும் ஆன்ட்டிக்கும் நிம்மதி.”

“எழுநூறோ!” கிழவர் பெட்டியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், நெடுமூச்சு விட்டார். “சரி, கொண்டு போம். ஆனா வீட்டை போயும் அந்தப் பலகையைத் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணும்.”

செழியன் தயங்காமல் சத்தியம் பண்ணினான். ஃபோனைத் தட்டினான், பணம் போய்ச் சேர்ந்தது.

“ஒருக்கா வாசிச்சுப் பாருமன்,” என்றார் தர்மராசா.

வாசிக்க உட்கார்ந்தால் கிழவர் மனசு மாறிவிடுமோ என்று செழியன் யோசித்த அந்த இடைவெளியில், பெட்டி மறுபடி மூச்சு விட்டது.

“பொள்ளாச்சித் தம்பி… என்னை எங்கை கொண்டு போறாய்?”

எந்த வானொலிக்கும் அவன் ஊர் தெரியாது.

அதற்குமேல் அவன் நிற்கவில்லை. ப்ளக்கைப் பிடுங்கினான், சுவரிலிருந்த கராஜ் கதவுப் பொத்தானை அமுக்கினான். கிட்டாரைத் தோளில் மாட்டி, பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, கராஜ் கதவு முழுதாக ஏறுமுன் குனிந்து வெளியே ஓடினான். வீட்டு வாசலில் கழற்றிய ஷூ அங்கேயே கிடந்தது. சுடுகிற கான்கிரீட்டில் வெறுங்காலோடு துள்ளித் துள்ளிக் காரை அடைந்தான்.

பெட்டியைப் பின்சீட்டில் கிடத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தான். கண்ணாடியில் பார்த்தான். பெட்டியின் ஒயர், செத்த பாம்பு மாதிரி சீட்டிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. ப்ளக் எதிலும் சொருகியிருக்கவில்லை.

பெட்டி நீளமாக விசில் அடித்தது.

திரும்பிப் பார்க்கச் செழியனின் கழுத்து மறுத்தது. முதுகுக்குப் பின்னால் அதே பெண் குரல். இம்முறை கிணற்றடியிலிருந்து அல்ல, அடுப்படியிலிருந்து பேசுவதுபோல் சலித்துக்கொண்டு வந்தது.

“இஞ்சேருங்கோ, பெட்டிக்குள்ளை வைச்ச பேபி மொனிட்டர் ஸ்பீக்கரை எடுத்தனீங்களோ? அதுக்குள்ளை வேலை செய்யிறது அது ஒண்டுதான்!”