அவசரக்குடுக்கை

"ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு உக்காருடி பவா! மூணு தடவ யோசிச்சப்பறம்தான் கை வெளிய வரணும். எத்தன தடவ சொல்றது?"

ஐரின் மிஸ் போட்ட சத்தத்தில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் நடக்கும் செஸ் கிளாஸ் அது. சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஆறு வரை.

பவதாரிணி கையைத் தொடைக்கு அடியில் வைத்தாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை, கை வெளியே வந்துவிட்டது. யானையை நகர்த்தினாள். எதிரே இருந்த ஆன்சன் சிரித்துக்கொண்டே அவளுடைய ராணியை வெட்டித் தூக்கினான்.

"தோத்துட்டேன் மிஸ். போறேன்."

தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் திணித்தாள். மணி நாலரைதான்.

ஐரினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதிமூன்று வயதில் இந்தப் பிள்ளைக்கு இருக்கிற மூளை லேசுப்பட்டதா? ஆனால் ஒரு மாதமாகக் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி ஆடுகிறாள். போன மாதம் ஒரு கோப்பை வாங்கினாளே, அதிலிருந்துதான். தலைக்கனம், வேறென்ன?

அவசரம் என்ன செய்யும் என்று ஐரினுக்குத் தெரியும். கல்லூரியில் படிக்கும்போது, ஜெயிக்கிற ஆட்டத்தில் தொடக் கூடாத காயைத் தொட்டாள். தொட்ட காயை ஆடியே தீர வேண்டும். ஆடினாள், தோற்றாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கைக்கு வரவிருந்த ரயில்வே வேலையும் அதோடு போனது. இருபத்தெட்டு வயதாகியும் அந்தக் காய் இன்னும் கனவில் வருகிறது. அந்த அழுகை இந்தப் பிள்ளைக்கும் வேண்டாமே என்றுதான் இத்தனை கத்தலும்.

அடுத்த மாதம் திருச்சியில் போட்டி. கிளாஸிலிருந்து ஒரே ஒரு பிள்ளைதான் போகலாம். ஆன்சனா, பவதாரிணியா? அதை முடிவு செய்ய இருவருக்கும் இன்னும் ஓர் ஆட்டம் பாக்கி இருந்தது.

"உக்காரு. இனிமே ஆட்டம் முடிஞ்சாலும் சரி, முடியாட்டியும் சரி, ஆறு மணி வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது."

"மிஸ், இன்னைக்கு மட்டும் விட்ருங்க மிஸ். ஏன்னா..."

"இந்தக் கிளாஸ்ல மொதச் சட்டம் என்ன?"

பவதாரிணி தலையைக் குனிந்தாள். "தோத்தவங்க காரணம் சொல்லக் கூடாது மிஸ்."

"பெறகென்ன? ஆறுக்கு முன்னாடி படியெறங்குனா திருச்சிய மறந்துரு."

திருச்சி என்றதும் பிள்ளை பொத்தென்று உட்கார்ந்தாள். அதன் பிறகு அவள் போர்டைப் பார்க்கவேயில்லை, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. ஐரினுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ஆறு அடித்ததும் பவதாரிணி படியில் பறந்தாள். ஐரின் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். பிள்ளையின் வீடு பரவையில். பரவை பஸ் காலியாக நின்றிருந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேறு ஏதோ ஒரு பஸ்ஸில் தொற்றி ஏறினாள்.

"ஊருக்குப் போற பஸ் எதுன்னுகூடப் பாக்காம ஓடுது. அவசரக்குடுக்கை!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் ஐரின்.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் பவதாரிணி வரவில்லை. போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை.

"கோவிச்சுக்கிட்டா மிஸ். ரோசக்காரி" என்றான் ஆன்சன்.

பிள்ளையை ரொம்ப விரட்டிவிட்டோமோ என்று ஐரினுக்கு நெஞ்சு உறுத்தியது. ஆட்டத்தையே விட்டுவிட்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

மூன்றாவது சனிக்கிழமை வந்துவிட்டாள். இளைத்திருந்தாள். யாரோடும் பேசாமல் ஆன்சனுக்கு எதிரே போய் உட்கார்ந்து, சொல்லாமலே கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அன்று அவள் ஆடிய ஆட்டம்! ஒவ்வொரு காய்க்கும் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். கடிகாரத்தின் பக்கமே கண் போகவில்லை. ஆன்சன் நெளிந்தான், கொட்டாவி விட்டான், கடைசியில் பொறுமை இழந்து ஒரு குதிரையைக் கோட்டைவிட்டான். ஐந்து மணிக்கெல்லாம் அவனுடைய ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை.

ஐரினுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய்ப் பிள்ளையைக் கட்டிக்கொண்டாள்.

"இம்புட்டுப் பொறுமைய எங்கடி வச்சிருந்த? திருச்சிக்கு நீதான் போற! இன்னைக்கு உனக்கு மட்டும் சட்டம் கெடையாது. ஆறு மணி வரைக்கும் இருக்க வேணாம், இப்பவே கெளம்பு."

பவதாரிணி எழுந்திருக்கவில்லை. காய்களை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, போகலையா?"

"எங்க மிஸ் போறது?"

"எப்பயும் ஓடுவியே, அங்கதான்!"

பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை.

"அஞ்சுல இருந்து ஆறு வரைக்குந்தான் மிஸ் ஆஸ்பத்திரியில அப்பாவப் பாக்க விடுவாங்க. அன்னைக்கு நான் போறப்ப மணி ஆறரை, நாளைக்கு வாம்மான்னுட்டாங்க. விடியிறதுக்குள்ள அப்பா போயிருச்சு மிஸ்."